மலை மங்கலாக விழவேண்டும்

28 நவம்பர் 1945, ஈப்போ

காலையிலிருந்து செத்தவர்களுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கிறேன். யாராவது இதைப் படித்தால் குமுதவல்லிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். ஆனால் எங்கள் ஸ்டூடியோவில் இப்போது நடக்கிற ஒரே வியாபாரம் இதுதான். சயாமுக்கு ரயில்பாதை போடப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டார், கையில் கிடைத்த படத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். தோட்டத்தில் கும்பலாக நின்ற படம், யாருடைய கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்த படம். "இந்தா தலையைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கிறாரே, இவருதாங்க" என்று விரல் வைத்துக் காட்டுகிறார்கள். நான் அந்தத் தலையை மட்டும் பெரிதாக்கி, பிளேடால் வெட்டி, கோட்டும் டையும் போட்ட ஓர் உடம்பில் ஒட்டி, பென்சிலால் கழுத்தைச் சேர்த்து டச்சிங் செய்து, மறுபடியும் படம் பிடித்துக் கொடுக்கிறேன். மாலை போட்டு மாட்டுவதற்கு ஒரு படம் வேண்டுமே.

உடம்பு ஒன்றுதான். சண்டைக்கு முன்னால் ஒரு வக்கீல் வந்து எடுத்துவிட்டு, வாங்க வராமலே போன படம். ஊரில் செத்த பாதிப்பேர் இப்போது அந்த வக்கீலின் தொப்பையோடுதான் சுவரில் தொங்குகிறார்கள்.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிப்பார். நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் வந்து, ஆட்களைப் படம் பிடிக்கவேண்டும், மூன்றே மாதம் என்று கூட்டிக்கொண்டு போனான். சண்டை முடிந்து, வெள்ளைக்காரனும் திரும்பி வந்தாயிற்று. இந்த மனுஷனை மட்டும் காணோம். எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு யாரிடமாவது கேமராவைப் பற்றி அளந்துகொண்டிருப்பார். வாயை மூடினால்தானே வண்டி ஏறமுடியும்?

இரண்டு தலை பாக்கி. நாளை பார்க்கலாம்.

4 டிசம்பர்

அரிசி டின்னில் வண்டு விழுந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிப் புடைத்தேன். அடியில் துணியில் சுற்றி ஒளித்துவைத்திருந்த சின்னக் கேமராவையும் துடைத்துவைத்தேன். கூடவே அவர் சினிமா பிலிமின் மிச்சத்தை வெட்டிச் சுற்றிவைத்த ஒரே ஒரு ரோல். அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப டின்னிலேயே போட்டேன்.

கேமரா என்றா சொன்னேன்? வெறும் கூடு. லென்ஸ் அவரிடம் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து இந்தக் கையடக்கக் கேமராக்களில் லென்ஸைக் கழற்றி மாற்றலாம் என்று முதன்முதலில் வந்தபோதே வாங்கியது. அந்த முதல் வரவில் ஒரு தொல்லை. ஒவ்வொரு கூடும் மயிரிழை அளவு முன்னேபின்னே இருக்கும். அதனால் அந்தந்தக் கூட்டுக்கு அளந்து, அதற்கென்றே லென்ஸைச் சரிசெய்து, கூட்டின் கடைசி நம்பர்களை லென்ஸின் உட்புறம் கீறி அனுப்புவார்கள். இன்னொன்றின் லென்ஸை மாட்டினால் மரை ஏறும், படமும் விழும். ஆனால் தெளிவு இருக்காது. பின்னால் வந்தவற்றில் எதை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் போடலாம் என்று ஆக்கிவிட்டார்கள். "நம்மளது பழைய கல்யாணம், மாத்திக்க முடியாது" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

போகிற அன்றைக்கு லென்ஸைக் கழற்றி இடுப்பில் முடிந்துகொண்டார். லென்ஸ் இல்லாத கேமராவை எந்தச் சிப்பாயும் தூக்கமாட்டான் என்றார். சரியாகத்தான் சொன்னார். இரண்டு தடவை வீட்டைச் சோதனை போட்டவர்கள் கூட்டை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த லென்ஸின் குழல் உள்ளே அமுங்கிவிடும். படம் எடுக்கும்போது வெளியே இழுத்து, ஒரு திருகு திருகிப் பூட்டவேண்டும். மறந்தால் படம் பாழ். எனக்கு எடுக்கக் கற்றுக்கொடுத்த நாளில் "இழுத்தியா? பூட்டுனியா?" என்று கேட்டே உயிரை வாங்கிவிட்டார். உங்கள் வாயைத்தான் முதலில் இழுத்துப் பூட்டவேண்டும் என்றேன். அதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். இன்றைக்கு அரிசி புடைக்கும்போது நானும் சிரித்துவிட்டேன். மகள் பங்கஜம் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

9 டிசம்பர்

சயாம் வண்டி வந்தது. ஸ்டேஷனுக்குப் போனேன். இல்லை.

19 டிசம்பர்

கொழுந்தன் திருவேங்கடம் வந்திருந்தார். ரயில்வேயில் குமாஸ்தா. பாவம், அண்ணனைத் தேடி எல்லா ஸ்டேஷன் மாஸ்டரிடமும் கேட்டுக் கேட்டுக் குரலே கம்மிவிட்டது. மாசி மாதம் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் இருக்கிறதாம். என்னையும் பங்கஜத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று பார்க்கிறார். அதற்கு முன்னால், தை அமாவாசைக்கு ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டுவிடலாமா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு எள் இறைக்க வந்தீர்களா என்று கத்திவிட்டேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "இருக்கிறவருக்கு இறைச்சாலும் பாவம் அண்ணி. இல்லாதவரை இறைக்காம தவிக்க விட்டுட்டுக் கப்பல் ஏறுனாலும் பாவம். நான் என்னதான் செய்யட்டும், சொல்லுங்க" என்றார்.

மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துப் போட்டேன். உப்பு அதிகமாகிவிட்டது. முழுக்கச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

27 டிசம்பர்

மத்தியானம் அங்கமுத்து என்று ஒருவர் வந்தார். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆள். சயாமிலிருந்து திரும்பியவர் என்று பார்த்தாலே தெரிந்தது. முழங்கால் மட்டும்தான் பெரிதாக இருந்தது, மற்றதெல்லாம் குச்சி. இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கேமரா சாமான் மாதிரி இருக்கிறது, உங்களுக்கு உதவுமா என்று ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

லென்ஸ். அதே வடிவம், அதே அமுங்கும் குழல். முன்வளையத்தில் எழுத்து எதுவும் இல்லை. திருப்பிப் பார்த்தேன். உட்புறமும் கல்லில் தேய்த்து வழித்திருந்தது.

யாருடையது என்று கேட்டேன். கூட இருந்த ஒருவருடையதாம். எழுத்தைப் பார்த்தால் ஜப்பான்காரன் பிடுங்கிக்கொள்வான் என்று அவரே தேய்த்துவிட்டாராம். பேர் தெரியாதாம். காய்ச்சலோடு பின்னால் வந்து சேர்ந்த ஆளாம். தாடியும் முடியுமாக, எலும்பாக, அங்கே எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்களாம். காலராவில் போய்விட்டார், நான்தான் குழி வெட்டினேன் என்றார். அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்ல ஆரம்பித்தார். ஊரான் கதை எனக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டேன்.

இப்படி லென்ஸ் ஈப்போவிலேயே எத்தனையோ பேர் வைத்திருந்தார்கள். தோட்டத்துத் துரைமார், ஜப்பான் அதிகாரிகள். இதை வெயிலில் காட்டித்தான் அங்கே பீடி பற்றவைப்பார்களாம். என் வீட்டுக்காரர் பீடியைக் கையால் தொடமாட்டார். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

லென்ஸுக்கு ஈடாக அங்கமுத்து கேட்டது ஒரு படம். தன் படம். ஊரில் அவரைச் செத்துப்போனவராக நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டி அனுப்பவேண்டுமாம். பெரிய ஸ்டாண்டு கேமராவில் எடுத்தேன். கோட்டு வேண்டுமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். வேண்டாம் என்றார். பிரிண்டுக்கு ஒரு மாதம் கழித்து வரச்சொன்னேன்.

29 டிசம்பர்

மழை. துணி காயவில்லை. லென்ஸ் மேஜைமேலேயே இருக்கிறது.

2 ஜனவரி 1946

திருவேங்கடம் லென்ஸைப் பார்த்துவிட்டார். மறைத்துவைத்திருக்கலாம், தோன்றவில்லை. அண்ணன் வாய் ஓயாமல் சொன்ன ஜோடிக் கதை அவருக்கும் மனப்பாடம். கூட்டில் மாட்டி எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே என்றார்.

தெரிந்துவிடும். அதுதானே தொல்லை. பின்பக்கம் திறக்கிற கேமராவாக இருந்தாலாவது பிலிம் இருக்கும் இடத்தில் தேய்த்த கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். இது அடியில் பிலிம் நுழைக்கிற ஜாதி. எடுத்துக் கழுவித்தான் பார்க்கவேண்டும். லென்ஸைக் கடைசித் தூரத்தில் வைத்து, துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்கட்டிலிருந்து தெரிகிற சுண்ணாம்பு மலையை ஒரு படம். மலை மங்கலாக விழுந்தால் லென்ஸ் வேறு யாருடையதோ. தெளிவாக விழுந்தால் இந்தக் கூட்டுக்கென்று செய்தது.

தெளிவாக விழுந்தால், அங்கமுத்து குழி வெட்டியது யாருக்கு என்று தெரிந்துவிடும்.

பிலிம் இல்லை என்று சொல்லிவிட்டேன். உண்மைதான், கடைகளில் எங்கே இருக்கிறது? மதராஸ் பட்டாளத்துச் சிப்பாய்களிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார் திருவேங்கடம். பாருங்கள் என்றேன்.

14 ஜனவரி

பொங்கல். சண்டைக்குப் பிறகு முதல் பச்சரிசி. அளந்து எடுக்கிறேன் என்று பங்கஜம் டின்னுக்குள் கையை விட்டவள், கேமராவோடு ரோலையும் எடுத்துக்கொண்டு சித்தப்பா முன்னால் வந்து நின்றாள். "பிலிம் இல்லைன்னு சொன்னியேம்மா, இதோ இருக்கே" என்றாள்.

திருவேங்கடம் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பிலிம், கெட்டுப்போயிருக்கும் என்றேன். அப்படியானால் எடுத்துத்தான் பார்ப்போமே அண்ணி என்றார் மெதுவாக. லென்ஸ் என்ன சொல்கிறதோ அதுதான், நான் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றும் சொன்னார்.

பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

15 ஜனவரி

காலையில் வெளிச்சம் நன்றாக இருந்தது. குளித்து, விளக்கேற்றி, பிலிமைப் போட்டு, லென்ஸை மாட்டி, பின்கட்டில் நின்று எடுத்தேன். பங்கஜம் பக்கத்தில் நின்றாள். கை நடுங்கக்கூடாது என்று கேமராவைக் கைப்பிடிச் சுவரில் அழுத்திக்கொண்டேன். பெருமாளே, மங்கலாக விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். படம் பிடிக்கிறவன் பெண்டாட்டி எவளும் இப்படி வேண்டியிருக்கமாட்டாள்.

இருட்டறையில் எடுத்த அளவு மட்டும் வெட்டி, மருந்தில் போட்டுக் கழுவினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

மலையே இல்லை. மரம் இல்லை, வானம் இல்லை, பாலைக் கொட்டினதுபோல ஒரே கலங்கல். மங்கல் என்றால் அப்படி ஒரு மங்கல். அவர் லென்ஸ் இல்லை. செத்தது அவர் இல்லை! தரையில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், பங்கஜத்தைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

16 ஜனவரி

பாயசம் வைத்தேன். எதிர்க் கடைச் சீனக் கிழவிக்கும் கொடுத்தேன். திருவேங்கடம் நெகட்டிவை வாங்கிப் பார்த்துவிட்டு என் காலில் விழுந்துவிட்டார், தப்பு செய்ய இருந்தேன் அண்ணி என்று. எள் பேச்சு போயிற்று. அவர் மட்டும் கப்பல் ஏறட்டும். நாங்கள் இருக்கிறோம். வந்து கதவைத் தட்டுகிறவருக்கு யார் திறப்பது?

18 ஜனவரி

ஸ்டூடியோவைச் சுத்தம் செய்தேன். அவர் சட்டைகளை வெயிலில் போட்டேன். வந்தால் எல்லாம் தொளதொளவென்று இருக்கும். பிடித்துத் தைக்கவேண்டும்.

23 ஜனவரி

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

பங்கஜம் அந்தக் கேமராவை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பிலிம் உள்ளே இருக்கிறது, வை கீழே என்று அதட்டினேன். அவள் வைக்கவில்லை. குழலைப் பிடித்து வெளியே இழுத்தாள். ஒரு திருகு திருகினாள். டக்கென்று சத்தம் கேட்டது.

"நீ அன்னைக்கு இழுக்கவே இல்லையேம்மா. அப்பா இப்படி இழுத்துட்டுத்தானே எடுப்பாரு" என்றாள்.

இவளுக்கு அப்பா முகமே ஞாபகம் இல்லை. கல்யாணப் படத்தைக் காட்டித்தான் அப்பா என்று சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அவர் கை என்ன செய்யும் என்பது ஞாபகம் இருக்கிறது.

மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பத்து வருஷமாக நான் மறந்ததே இல்லை. மாற்றி மாட்டிய லென்ஸ் லேசாகத்தான் மங்கும், மலை மரத்தையே விழுங்காது என்று எனக்குத் தெரியாதா? எத்தனை நெகட்டிவை டச்சிங் செய்திருக்கிறேன்! அந்தக் கலங்கலைப் பார்த்த அந்த நிமிஷமே கைக்குத் தெரிந்திருக்கும். மனசுதான் வேண்டாம் என்றது.

பங்கஜத்தை அடித்துவிட்டேன். பிறகு மடியில் போட்டுக்கொண்டு அழுதேன்.

24 ஜனவரி

ஒரு வேலையும் ஓடவில்லை. தலைவலி.

26 ஜனவரி

நானே திருவேங்கடத்துக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருக்கலாம்.

மூன்று பேரும் பின்கட்டில் நின்றோம். குழலை இழுத்தேன். பூட்டினேன். கடைசித் தூரத்தில் வைத்தேன். எடுத்தேன். இந்தத் தடவை எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

கழுவி எடுத்துப் பூதக்கண்ணாடியை வைத்தேன். பழைய பிலிம் ஓரமெல்லாம் புகைபிடித்திருந்தது. நடுவில் மலை. உச்சியில் ஒற்றை மரம், அதன் கிளை, கிளைக்கு நடுவே வானம். பாறை வெடிப்பில் தொங்குகிற கொடிகூடத் தெரிந்தது. இந்தக் கேமராவில் அவர் எடுத்த படங்களில்கூட இவ்வளவு தெளிவை நான் பார்த்ததில்லை.

திருவேங்கடம் வெளியே நின்று "அண்ணி?" என்றார். நான் கதவைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று மாதம் என்றுதானே சொன்னார்.

30 ஜனவரி

அங்கமுத்து தன் படத்துக்காக வந்தார். உயிரோடு இருக்கிறேன் என்கிற மாதிரி முறைத்துப் பார்த்துக்கொண்டு படத்தில் விழுந்திருக்கிறார். நன்றாக இருக்கிறது என்றார். பசியாறுங்கள் என்று உட்காரவைத்தேன். சாப்பிட்டு முடித்ததும், அன்றைக்கு அந்த ஆளைப் பற்றிச் சொல்லவந்தீர்களே, சொல்லுங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், உள்ளே தெரிந்த கேமராவைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். கையைக் கழுவிவிட்டு வந்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"அவரு பீடி குடிக்கமாட்டாருங்கம்மா. மத்தவங்களுக்குப் பத்தவச்சுக் கொடுப்பாரு. மழைக்காலத்துல கொஞ்சம் வெயில் வந்தாப் போதும், எல்லாரும் அவரைச் சுத்தி உக்காந்துருவோம். யாரு கையிலயும் கொடுக்கமாட்டாரு. அவரேதான் அதை வெளிய இழுத்து, திருகி, பூட்டி, அப்புறம்தான் வெயில்ல காட்டுவாரு. பீடிக்கு எதுக்குங்க பூட்டணும்னு கேப்போம். பூட்டலைன்னா வீட்டுல திட்டுவாங்கன்னு சொல்லுவாரு. எல்லாரும் சிரிப்போம்."

திட்டுகிறவள் நான் என்று சொல்லிக்கொண்டு சிரித்திருக்கிறார். அந்த இடத்திலும் சிரித்திருக்கிறார்.

குழி எங்கே என்று கேட்டேன். ஆற்று வளைவில், ஒரு மூங்கில் புதருக்குப் பக்கத்தில் என்றார். தனியாகத்தான் வெட்டினேன், கும்பலோடு போடவில்லை அம்மா என்று இரண்டு தடவை சொன்னார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

1 பிப்ரவரி

நாளை அமாவாசை. மாட்டுவதற்குப் படம் வேண்டும். ஊரில் எல்லாரையும் படம் பிடித்த மனுஷனுக்கு ஒழுங்காக ஒரு படம் இல்லை. கல்யாணப் படம் ஒன்றுதான். இருவரும் ஒட்டி நிற்கிறோம், என் தோள் அவர் கையை மறைத்துக்கொண்டு.

தலையை வெட்டி அந்த வக்கீல் உடம்பில் ஒட்டலாம். கை அங்கேதான் போயிற்று, பழக்கம். மனசு வரவில்லை. தொப்பையோடு அவரைப் பார்க்க என்னால் முடியாது.

பெரிது பண்ணிய படத்தில் அவர் உருவத்தை அப்படியே விட்டு, என்னை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்தேன். புடவை முந்தானை, கழுத்து மாலை, தலை. ரொம்ப நாள் ஆகியிருக்கிறது நான் அவ்வளவு சின்னப் பெண்ணாக இருந்து. குப்பையில் போட மனமில்லாமல் கேமராத் துணிக்குள் வைத்தேன்.

இப்போது அவர் இடது பக்கம் தோளுக்குக் கீழே வெள்ளையாக ஓட்டை. அங்கே ஒரு கை வேண்டும். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். முழங்கையில் நெருப்புப் பட்ட தழும்பு, மணிக்கட்டில் புடைத்த எலும்பு, மருந்தில் ஊறிக் கறுத்த நகங்கள். ஒரு கோடும் அழிக்கவேண்டியிருக்கவில்லை.

பங்கஜம் பின்னால் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். இது யார் கை என்று கேட்கவில்லை. "அப்பா கை" என்றாள்.

2 பிப்ரவரி

ஆற்றங்கரையில் திருவேங்கடம் எள்ளும் தண்ணீரும் விட்டார். வீட்டுக்கு வந்து படத்துக்கு மாலை போட்டோம். ரோலில் இன்னும் கொஞ்சம் பிலிம் இருந்தது. பங்கஜத்தைப் பின்கட்டில், மலை தெரிகிற மாதிரி நிறுத்தினேன்.

இழுத்தேன். பூட்டினேன். சொல்லிக்கொண்டேதான் செய்தேன், அவருக்குக் கேட்கட்டும் என்று.